லினக்ஸில் ஸ்டாக்ஃபிஷ்: நிறுவ பத்து நிமிஷம், ஓடவைக்க ரெண்டு நாள்

"லினக்ஸ்ல செஸ்லாம் ஓடாது அண்ணாச்சி, விண்டோஸ் போட்டுருவோமா?" அம்பையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வரை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனதற்குக் கடையில் கிடைத்த பதில் இது. பஸ் காசு தண்டம்.

இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், டெபியன் 12. இது போதும். ஆனால் லினக்ஸில் காய் நகர்த்தும் பலகை வேறு, நகர்த்தலைக் கணக்கிடும் எஞ்சின் வேறு. எஞ்சினான ஸ்டாக்ஃபிஷை மட்டும் நிறுவிவிட்டு மெனுவில் தேடினால் ஒன்றும் சிக்காது. அதற்குப் பலகையே கிடையாது. பலகைக்குத் தனி மென்பொருள் வேண்டும். சும்மா ஆட நோம் செஸ் போதும். பிஜிஎன் கோப்புகளை (ஆட்டப் பதிவுகளை) சேர்த்துவைத்து அலச ஸ்கிட்தான். எக்ஸ்போர்டு (XBoard) என்ற பலகை பிடிக்கும் என்றால் பாலிகிளாட்டையும் சேர்த்துப் போடுங்கள், அது இல்லாமல் யூசிஐ என்ற மொழியில் பேசும் ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சினோடு எக்ஸ்போர்டுக்குப் பேச வராது.

ஸ்கிட், ஸ்டாக்ஃபிஷ் இரண்டும் டெபியனின் நிறுவல் கட்டளையான ஆப்ட் வழியே வந்துவிட்டன. ஸ்கிட்டில் எஞ்சினைச் சேர்க்கும்போது 'யூசிஐ' என்பதை டிக் செய்ய மறந்தால் எஞ்சின் வாயைத் திறக்காது. எஞ்சினின் முழுப் பாதை கேட்டால் /usr/bin அடைவில் தேடாதீர்கள்; டெபியன் அதை /usr/games அடைவில் வைக்கிறது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்டாக்ஃபிஷின் புதுப் பதிப்புக்கு ஆசைப்பட்டு வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவந்ததில்தான் வம்பு. பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டால் 'அனுமதி இல்லை' என்கிறது. இயக்க அனுமதி கொடுத்தாலும் ஏறவில்லை. காரணம், பென் டிரைவில் இருந்த ஃபேட் (FAT) வடிவத்தில் லினக்ஸின் அனுமதிகளைப் பதிய இடமே இல்லை. ஹோம் அடைவுக்கு நகலெடுத்து, அங்கே அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும்.

அப்புறமும் எஞ்சின் திறந்த கையோடு செத்தது. ஸ்கிட்டைப் பார்த்துக் காரணம் புரியாது. இப்படி நேர்ந்தால் எஞ்சினை டெர்மினலில் தனியாக ஓடவிடுங்கள். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று வந்தால் கோப்பில் கோளாறு இல்லை, பிராசசருக்குப் பொருந்தாத கோப்பை எடுத்திருக்கிறீர்கள். நான் எடுத்த கோப்புக்கு ஏவிஎக்ஸ்2 (AVX2) என்ற பிராசசர் கட்டளைத் தொகுப்பு வேண்டும்; இன்டெல் கோர் வரிசையில் அது நான்காம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஐ3, ஐ5-க்கு 'எஸ்எஸ்இ41-பாப்சிஎன்டி' (sse41-popcnt) என்று பெயரில் உள்ள கோப்பை எடுக்க வேண்டும். இறக்குவதற்கு முன்பே பிராசசர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளை கொடுத்து, பட்டியலில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சம்.

ஹேஷ், அதாவது எஞ்சின் கணக்குகளை நினைவில் வைக்கும் இடம், தானாக 16 எம்பிதான் இருக்கும், 512 வைத்தேன். 4 ஜிபி மெஷினில் 2048 வைத்துவிட்டு பிரவுசரையும் திறந்தால் ராம் போதாமல் ஸ்வாப்பில் (டிஸ்க்கில்) விழுந்து மவுஸ்கூட நகராது. பிராசசரின் திரெட் நான்கையும் எஞ்சினுக்குக் கொடுக்காதீர்கள், மூன்று போதும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பழைய லேப்டாப் சூடாகி வேகம் இறங்கிவிடும்.

சரிபார்க்க 2024 குகேஷ்–டிங் உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தை ஏற்றினேன். 54 நகர்த்தல் வரை சமநிலையை ஒட்டியே இருந்த எஞ்சினின் மதிப்பு, வெள்ளையில் ஆடிய டிங் 55-ஆவதில் ரூக்கை எஃப்2-க்குக் கொண்டுவந்ததும் கறுப்பு பக்கம் சாய்ந்து விழுந்தது. எல்லாம் அந்த ஓட்டை ஐ3-லேயே.