டிலனாய் கோட்டைல இருந்து வடக்கன்குளம் வரைக்கும்

கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிரை விட்ட புனித தேவசகாயம் பிள்ளையோட இடங்களை எல்லாம் ஒரே நாள்ல பாத்துட்டு வந்துரலாம்னு எங்க மைனி ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சதுல இருந்து எங்க வீட்டு காலண்டரே அவரோட டர்ன் பாத்துதான் ஓடுது, கல்யாணமோ காரியமோ டர்ன் இல்லாத நாள்ல விழுந்தா போவோம் இல்லாட்டி இல்ல. அப்படி ஒரு நடு நாள்ல கொழுந்தன் "நான் பாத்துக்கிடுதேன் நீங்க போயிட்டு வாங்க மைனி"ன்னு சொன்னதால கிளம்புனோம். நேர்ச்சைன்னு எதுவும் இல்ல. கிட்னி சரியாகணும்னு கேக்கறதெல்லாம் எப்பவோ கேட்டு முடிச்சாச்சு, சும்மா போய் அந்தப் புனிதர் பக்கத்துல கொஞ்ச நேரம் இருக்கணும்னு தோணுச்சு அவ்ளோதான்.

முதல்ல உதயகிரி கோட்டை. அந்தப் பக்கத்து ஆளுங்க டிலனாய் கோட்டைன்னுதான் சொல்வாங்க. உள்ள மரங்களுக்கு நடுவுல கூரை இல்லாத ஒரு பழைய கோவில், அதுக்குள்ள டிலனாயோட கல்லறை, மேல லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. 1741ல குளச்சல்ல மார்த்தாண்ட வர்மா படைகிட்ட தோத்துப்போன டச்சு கம்பெனி கேப்டன் இவரு, கைதியா நின்னவரு அப்புறம் அதே ராஜாவோட படைய பழக்கி நடத்தி 1777ல இங்கயே செத்தும் போனாரு. நிறைய பேரு இந்த இடத்தை விட்டுட்டு நேரா காத்தாடிமலைக்கு போயிருவாங்க, எனக்கு என்னமோ இங்கதான் முதல்ல வரணும்னு இருந்துச்சு, ஏன்னா கதை தொடங்குறதே இவருகிட்டதான்.

தேவசகாயம் அப்போ நீலகண்ட பிள்ளை, 1712ல நட்டாலத்துல பொறந்தவரு, அரண்மனை வேலை, நல்ல குடும்பம். திடீர்னு மாடு கன்னு சாகுது, பயிர் போகுது, வீட்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு நஷ்டம். மனசு ஒடைஞ்சு நின்ன மனுஷனுக்கு டிலனாய் சொன்னது யோபு கதை. கொஞ்சம் யோசிச்சு பாருங்க, ஆறுதல் சொல்ல பைபிள்ல எவ்ளோ இருக்கு, குருடன் பார்வை அடைஞ்சது இருக்கு, தொழுநோயாளி சுகமானது இருக்கு, அதெல்லாம் விட்டுட்டு எல்லாத்தையும் இழந்து சாம்பல்ல உக்காந்திருக்க ஒருத்தரோட கதைய எடுத்து சொல்லியிருக்காரு. தானும் எல்லாம் இழந்து நின்னவருங்கறதால இருக்கலாம்.

நோயாளி இருக்க வீட்டுக்கு யோபு புத்தகம் ரொம்ப நல்லா புரியும். அந்த மூணு சிநேகிதங்க வந்து ஏழு நாள் ராத்திரி பகலா ஒண்ணும் பேசாம தரையில கூடவே உக்காந்திருந்தாங்கல்ல, அதுவரைக்கும் அவங்க தங்கம். வாய திறந்த பிறகுதான் வம்பு. "நீ ஏதோ தப்பு பண்ணியிருப்ப அதான்"ன்னு சுத்தி சுத்தி அதையே சொல்லுவாங்க. எங்க வீட்டுக்கும் அப்படி வந்தாங்க, குடும்ப ஜெபம் பத்தலன்னு ஒருத்தர், முன்னோர் பாவம்னு ஒருத்தர், விசுவாசம் இருந்தா மெஷின் எதுக்குன்னு கூட ஒருத்தர். நான் காபி போட்டு குடுத்து அனுப்பிருவேன். கடைசியில ஆண்டவர் கோவப்பட்டது அந்த சிநேகிதங்க மேலதான், ஏன் ஏன்னு கத்துன யோபு சரியா பேசுனான்னு அவரே சொல்றாரு. இதை வாசிச்ச பிறகுதான் எனக்கு அவர்கிட்ட சண்டை போட தைரியம் வந்துச்சு. ஆஸ்பத்திரி வராண்டால ஜெபமாலைய கையில வச்சுக்கிட்டே "உமக்கு கண்ணில்லையா"ன்னு கேட்ட ராத்திரிங்க உண்டு, சத்தியமா சொல்றேன், நல்லா இருந்த காலத்துல மனப்பாடமா ஓதுன ஜெபத்தை விட அப்பதான் அவர் ரொம்ப பக்கத்துல இருந்தாரு.

அங்க இருந்து பக்கத்துலதான் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை. ஞானஸ்நானம் வாங்குனதுக்கு அப்புறம் 1749ல தேவசகாயத்தை கைது பண்ணி, எருமை மேல பின்பக்கமா உக்கார வச்சு ஊர் ஊரா கொண்டு போய், அடிச்ச புண்ணுல மிளகாப்பொடி தேச்சு, அந்த தாகத்துல அவரு ஜெபிச்சு முழங்கையால பாறைல இடிக்க தண்ணி வந்துச்சுன்னு வழிவழியா சொல்றது. பாறைல சின்ன குழி, அதுல தண்ணி. மைனி பாட்டில்ல பிடிச்சாங்க. என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு அளவு இருக்கு, தாகத்துல உதட்டை நனைச்சு நனைச்சு விடுவேன், அதனால தாகம்னு சொல்லும்போதே எனக்கு அடி வயிறு ஒரு மாதிரி ஆகிரும். நான் கொஞ்சமா கையில எடுத்து நெத்தியில வச்சுக்கிட்டேன், குடிக்க தோணல.

கோட்டாறு சவேரியார் பேராலயத்துல அவரோட கல்லறை. மத்தியான நேரம், கூட்டமில்ல. 2012ல நாகர்கோவில்ல முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி), 2022 மே 15ல ரோமுல புனிதர் பட்டம், அதுக்கப்புறம் வெளியூர் ஆளுங்க நிறைய வராங்களாம். சாமியார் இல்ல, சிஸ்டர் இல்ல, பொண்டாட்டி இருக்க ஒரு குடும்பஸ்தன் புனிதர் ஆயிருக்காரு, எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் ஆரல்வாய்மொழி காத்தாடிமலை. பேருக்கேத்த காத்து, சேலை முந்தானைய பிடிக்கறதா முட்டிய பிடிக்கறதான்னு தெரியாம ஏறுனோம். 1752 ஜனவரி 14ல இங்கதான் சுட்டு கொன்னாங்க. மேல மணியடிச்சான் பாறை, சின்ன கல்ல எடுத்து தட்டுனா கோவில் மணி மாதிரி ணங்குன்னு கேக்குது, எல்லாரும் தட்டி தட்டி அங்கங்க குழி விழுந்து கெடக்கு. அவரு செத்தப்போ விழுந்து மணியா ஒலிச்ச பாறைன்னு சொல்வாங்க. ஒரு சின்ன பையன் தட்டிக்கிட்டே இருந்தான், அவங்கம்மா போதும் போதும்னு இழுத்துட்டு போனாங்க.

எனக்கு ஒரு விஷயம் உறுத்துச்சு. மாடு போச்சு பயிர் போச்சுன்னு இருந்தவரு ஆண்டவர்கிட்ட வந்த பிறகு மாடும் பயிரும் திரும்பி வரல, உள்ளதும் போச்சு, வேலை போச்சு, கடைசியில உயிரும் போச்சு. கொடுக்கல் வாங்கல் கணக்குல பாத்தா இது நட்டக்கணக்கு. ஆனா இடையில எத்தனையோ தடவை விசுவாசத்தை விட்டுருன்னு சொல்லியும் அவரு விடல. அவரை பிடிச்சு வச்சது கிடைச்ச பொருள் இல்ல, கிடைச்ச ஆள்.

திரும்புற வழியில வடக்கன்குளம். 1745 மே மாசம் அவரு ஞானஸ்நானம் வாங்குன ஊரு. ஆனா நான் அங்க போனது அவரு சம்சாரம் ஞானப்பூ அம்மாவுக்காக. அவரு போன பிறகு அந்தம்மா இங்க வந்து இருந்துதான் காலம் தள்ளுனாங்க, இங்கயே அடக்கம். யோபு கதையில கூட அந்த பொண்டாட்டி ஒரே ஒரு வாக்கியம் பேசும், கடவுளை திட்டிட்டு செத்துப்போன்னு, அதுக்காக எல்லாரும் அவளை பேசுறாங்க. பத்து புள்ளைகளும் அவளுக்கும் போனதுதானே? அதை யாரும் கேக்கறதில்ல. நோயாளிக்கு நூறு பேரு ஜெபிக்கிறாங்க, பாத்துக்கிடுற ஆளுக்கு யாரு ஜெபிப்பா.

கல்லறைகிட்ட முட்டி போட்டு அந்தம்மாகிட்ட சும்மா பேசுனேன். சோடியம் கூடுது, கையில ஊசி குத்துற இடம் வீங்குது, அவருக்கு எரிச்சல் வந்தா என் மேலதான் விழுது, அதையெல்லாம். மைனி மொதல்ல கொஞ்சம் தள்ளி நின்னாங்க, அப்புறம் அவங்களும் பக்கத்துல வந்து உக்காந்தாங்க, ஒண்ணும் கேக்கல. கொழுந்தன் போன் பண்ணுனாரு, "அண்ணன் சாப்பிட்டாச்சு, நாளைக்கு டர்ன் காலைல ஆறு மணிக்கு மாத்திட்டாங்களாம்"ன்னு. அப்ப நாலரைக்கு எந்திரிக்கணும்.