நூறு மீட்டருக்கு எத்தனை அடி

டிசம்பர் 16, திங்கள்

மணி 4.20. கால் பெருவிரல் தூக்குகிறது, இரண்டும். இடது கொஞ்சம் சோம்பேறி, ஆனாலும் தூக்குகிறது. சரி, எழுந்திருக்கலாம்.

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கெல்லாம் கோயில் ஒலிபெருக்கி கரகரக்க ஆரம்பித்துவிட்டது. எதிர் வீட்டு மாமி வாசல் தெளித்துவிட்டு, முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து அப்படியே மடிந்து, இருபது நிமிடம் கோலம் போடுகிறார். வயது அறுபத்தெட்டு. நான் ஜன்னலில் நின்று வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் எழுந்து ஒரு மணி நேரம் குனியத் தடை. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளும், அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் கூடும் என்று பிசியோ சொல்லியிருக்கிறாள். சரி, ஷூ லேஸை யார் கட்டுவது? அப்பாதான். ஒன்றாம் வகுப்புக்கு அப்புறம் இப்போதுதான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏதோ வேலிக்கல் நடுவது போல முகத்தை வைத்துக்கொண்டு, இரட்டை முடிச்சு போட்டார். அவிழ்க்க எனக்கு ஆகாது, அதற்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

நேற்று மாமியின் பேரனை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி சித்திரக்குளத்தின் வடகரைத் தெருவில் நூறு மீட்டர் அளந்து வைத்தேன். மின்கம்பத்தில் ஆரம்பித்து நீல கேட்டில் முடிகிறது. ஓடும்போது இடது கால் தரையைத் தொடுவதை மட்டும் எண்ண வேண்டும். பிப்ரவரியில், அப்பா அளந்து கொடுத்த மைதானத்தில், 43. இன்று 52.

வலிக்குப் பத்தில் எத்தனை என்று கேட்பார்கள். நான் யாரிடமும் எப்போதும் மூன்று என்றுதான் சொல்லியிருக்கிறேன். 52 அப்படியில்லை. கால் தானாகவே குட்டையாக எட்டு வைக்கிறது, என்னைக் கேட்கவே இல்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

51. ஆபீஸில் ஒன்பதரை மணி நேரம் நாற்காலி, ஆனால் எல்லோரும் குறை சொல்வது ஓட்டத்தை.

டிசம்பர் 18, புதன்

மழை. ஓடவில்லை.

லீவு போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓரியண்டியரிங்குக்கான, அதாவது மேப்பும் காம்பஸும் வைத்து வழி கண்டுபிடித்து ஓடும் ஆட்டத்துக்கான, மேப்பை வரைந்தேன். உட்காரக் கூடாது என்பதால் இஸ்திரி மேஜைமேல் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே. அளவு 1:4000, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு நாற்பது மீட்டர். நாலு மாட வீதியும் சித்திரக்குளமும் கச்சேரி ரோட்டில் ஒரு துண்டும் சேர்த்து ஏ4 தாளில் அடங்கிவிடுகிறது. ஸ்பிரிண்ட் மேப்பில் அடுத்தவர் இடத்துக்கு ஆலிவ் பச்சை, அதற்குள் கால் வைத்தால் ஆட்டத்திலிருந்து வெளியே. தாண்டக் கூடாத சுவருக்குத் தடித்த கறுப்பு. இந்த இரண்டையும் நிரப்பி முடித்தபோது மயிலாப்பூரில் மிச்சமிருந்தது தெருக்களும் குளங்களும்தான். அதிலும் லஸ் பக்கம் மெட்ரோ தடுப்புகள் வாரத்துக்கு ஒரு முறை இடம் மாறுகின்றன. போன வாரம் நான் புகுந்து வந்த சந்து இந்த வாரம் தகரம்.

கோலத்துக்கு என்ன குறி? சர்வதேச விதிமுறையில் கிடையாது. தடை செய்த இடமாகப் போட்டுவிடு என்கிறான் என்னோடு ஓடும் தம்பி சு. மார்கழியில் அப்படிப் போட்டால் வடக்கு மாட வீதியில் கால் வைக்க இடமிருக்காது. மிதிக்காமல் ஓடுங்கள் என்று வாயால் சொல்லிவிடலாம், அதுவே நல்ல பயிற்சி.

கண்ட்ரோல், அதாவது வரிசையாகப் போய்ச் சேர வேண்டிய இடங்கள், பன்னிரண்டு. வழக்கம்போல 31-இலிருந்து எண் கொடுத்தேன். கண்ட்ரோலுக்குக் கட்டும் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடியை இங்கே கட்டினால் பத்து நிமிடத்தில் யாராவது பை தைக்க எடுத்துப்போய்விடுவார்கள். அதனால் கொடிக்குப் பதில் கேள்வி: இந்தக் கதவில் எத்தனை கம்பி, அந்தத் திண்ணையில் எத்தனை தூண். அங்கே போய் நின்றால்தான் தெரியும். முதல் ஆறும் தானாக வந்துவிட்டன. எட்டிலிருந்து பன்னிரண்டும் வந்துவிட்டன. ஏழாவதை எங்கே வைத்தாலும் பிடிக்கவில்லை. குளத்தின் மூலையில் வைத்தேன், அழித்தேன். பள்ளிக்கூடச் சுவரோரம் வைத்தேன், அழித்தேன். ஏழு என்று எழுதினாலே, முன்பு ஒரு ஏழாவது கண்ட்ரோலில் நான் விழுந்த அந்தப் பாறையும் ஈரமும் சு.வின் குரலும்தான் வருகிறது. "எழுந்திரிக்க முடியுதாக்கா, எழுந்திரிக்க முடியுதாக்கா."

சாயங்காலம் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் சர்வேயர். பாராட்டெல்லாம் அவரிடமிருந்து வராது.

"இது காந்த வடக்கா?"

"ஆமாம்ப்பா, இந்த மேப் எல்லாத்துக்கும் காந்த வடக்குதான். காம்பஸ் காட்டற பக்கமே ஓடணுமில்ல."

"ம். நூறு மீட்டர் அளந்தியாமே. எந்த டேப்?"

அதற்குள் போன் வந்துவிட்டது.

டிசம்பர் 19, வியாழன்

பிசியோ திட்டினாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் திட்டும்போது எங்கள் கணக்கு டீச்சர் மாதிரி. செவ்வாய்க்கிழமை ஓடுவதற்கு முன்னால் வலி மாத்திரை போட்டேன் என்பதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அக்கா, ஸ்மோக் அலாரம் கத்துதுன்னு பேட்டரிய கழட்டிட்டு சமைப்பீங்களா?" எனக்கு வீட்டில் ஸ்மோக் அலாரமே கிடையாது என்று சொல்லவில்லை.

அப்படியானால் செவ்வாயின் 51 செல்லாது. அது மாத்திரையின் 51.

குதிகாலில் பத்தடி நடக்கச் சொன்னாள், நடந்தேன். பெருவிரலை அவள் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தூக்கு என்றாள், தூக்கினேன், இடதுக்கு இன்னும் முழு மார்க் இல்லை. அந்த விரலைத் தூக்குவது இடுப்பு முதுகெலும்பிலிருந்து வரும் எல்-5 நரம்பின் வேலையாம். அதனால்தான் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் உள்ள எல்லா வார்த்தைகளையும்விட எனக்கு இந்த விரல் முக்கியமாகிவிட்டது. மல்லாந்து படுத்து காலை நீட்டியபடி தூக்கினால் போன மாதம் முப்பத்தைந்து டிகிரியில் பின்தொடையில் கம்பி இழுத்தது, இன்று ஐம்பது வரை போனது. இன்னொன்றும் சொன்னாள். வலி கால் வழியாகக் கீழே இறங்கினால் கெட்டது, காலை விட்டு மேலே ஏறி இடுப்பில் மட்டும் நின்றால், அங்கே அதிகமாக வலித்தாலும்கூட நல்லது. இடுப்பு வலி கூடினால் சந்தோஷப்பட வேண்டும்! இதை யாரிடம் போய்ச் சொல்வது.

ஒருக்களித்துப் படுத்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது பத்து விநாடி, ஆறு முறை. நாலு காலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது. தலையை மட்டும் ஒரு விரற்கடை தூக்கும் ஒரு பயிற்சி, பார்த்தால் ஒன்றுமே செய்யாதது போல இருக்கும், வியர்த்துவிடும்.

ஞாயிறு ஓடலாமா?

"நடங்க. இரண்டு நிமிஷம் நடந்து ஒரு நிமிஷம் ஓடுங்க. மாத்திரை கூடாது. கால்ல இறங்கிச்சுன்னா அங்கேயே நின்னு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு."

சரி என்றேன். அவள் நம்பவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

இது விடிகாலை 2.40. திரும்பிப் படுத்ததில் இடது முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. எறும்புதானா என்று விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எறும்பு இல்லை. பெருவிரல் தூக்குகிறது. மறுபடி தூக்குகிறது. உட்காருமிடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வருவதே தெரியாமல் போனாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள், அதிலிருந்து ராத்திரி பாத்ரூம் போவதே பரீட்சை மாதிரி ஆகிவிட்டது, பாஸாகித் திரும்பி வந்து படுத்தாலும் தூக்கம் வருவதில்லை, பீரோவுக்குள் இருக்கும் அந்தப் பெரிய எம்ஆர்ஐ கவர் திறந்து தானாக வெளியே வந்து ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. வெந்நீர்ப் பை வைத்தேன். மழை விட்டுவிட்டது.

காலையில் ஓடவில்லை. எண்ணவும் இல்லை.

டிசம்பர் 21, சனி

அப்பா பரங்கிமலைக்குப் போகலாம் என்றார். படி ஏறுவது நல்லதுதானே என்று நானும் கிளம்பிவிட்டேன். ஆட்டோக்காரர் எந்தப் பள்ளத்தையும் விடவில்லை. நான் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டே போனதில், போய்ச் சேரும்போது தோள்தான் வலித்தது.

படிகள் நூற்று முப்பத்துச் சொச்சம். ஏறுவதில் ஒன்றும் இல்லை. அப்பாதான் இரண்டு இடத்தில் நின்றார், நிற்பதற்குக் காரணமாக ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதை சொன்னார். மேலே, வெள்ளைக்கார சர்வேயர் லாம்டன் சிலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றாத குறைதான். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி இங்கேயிருந்துதான் லாம்டன் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோட்டை, அளக்க ஆரம்பித்தார். தெற்கே ஏறத்தாழ ஏழரை மைல், பன்னிரண்டு கிலோமீட்டர். இந்தியா முழுவதையும் முக்கோண முக்கோணமாக அளந்த வேலை இந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது. நூறடி நீள எஃகுச் சங்கிலி. வெயிலில் நீண்டுவிடும் என்று மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரம் பிடித்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார்கள்.

"முதல் கோடு ஒரு விரல்கடை தப்பினா மேல போகப் போக எல்லாம் தப்பும். இமயமலை உயரம்வரைக்கும் தப்பும்" என்றார். இதைச் சின்ன வயதிலிருந்து முன்னூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

அங்கிருந்து விமான நிலையம் தெரிகிறது. ஒரு விமானம் இறங்கி முடிக்கும்வரை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அப்பா, "உங்கம்மாவுக்கும் இடுப்புதான் முதல்ல" என்றார். நான் படியைப் பார்த்துக்கொண்டேன்.

இறங்குவதுதான் கஷ்டம். ஒவ்வொரு படியிலும் இடுப்பில் ஒரு குத்து. இடுப்பில்தான், காலில் இல்லை. சந்தோஷம்!

இரவு ஏழாவது கண்ட்ரோலை வைத்துவிட்டேன். தெற்கு மாட வீதியில், எல்லாரும் நிற்கும் ஒரு காபிக் கடைக்கு எதிரே, யாருக்கும் தப்ப முடியாத இடத்தில். சு. பார்த்துவிட்டு, "என்னக்கா, ரொம்ப சுலபமா இருக்கே" என்று செய்தி போட்டான். ஆமாம் தம்பி.

டிசம்பர் 22, ஞாயிறு

தூக்குகிறது.

ஐந்தரைக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். மேப் வரைந்தவளே ஓடக் கூடாதுதான், பதில் தெரியுமே. ஆனால் இது போட்டி இல்லை, நான் கடைசியாகக் கிளம்பி நேரம் குறிக்காமல் வருகிறேன் என்று ஒப்பந்தம். இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். மூன்றாவது கண்ட்ரோல் வரை சத்தியமாக அப்படித்தான். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், மேப்பை நாலாக மடித்து, நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, வடக்கைத் திருப்பிப் பார்த்த அந்த ஒரு கணத்தில் வழி முழுவதும் தலைக்குள் பளிச்சென்று விழுந்தது, பால் வண்டிக்கு இடப்பக்கம், இரண்டாவது சந்து, கோலம், கோலம், ஒரு பெரிய தாமரைக் கோலத்தின் ஓரமாக ஒற்றைக் காலில் தாவல், மூலையில் பூக்காரம்மா, வலது. ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதே பூக்காரம்மா "மெதுவா போம்மா" என்றபோதுதான் உறைத்தது. எத்தனை நிமிடமோ. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிசியோ இதைப் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

ஏழில் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. கேள்விக்குப் பதில் எழுதினேன் (ஐந்து தூண்). டிகிரி காபி வாசனை. பாறை இல்லை.

பன்னிரண்டையும் முடித்துவிட்டு நேராக மின்கம்பத்துக்குப் போய் நீல கேட் வரை ஓடினேன். 47! மாத்திரை இல்லாமல் 47! திரும்பவும் ஓடிப் பார்த்தேன், 47தான். சு.வுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மார்ச் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடவா என்று கேட்டான், கொடு என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், லேஸை அவிழ்த்துக்கொண்டே நிமிராமல் கேட்கிறார்: "எந்த டேப்புன்னு அன்னிக்கே கேட்டேன்."

பரணுக்குக் கீழே இருந்த துணி டேப்.

"அதுல முதல் மீட்டர் கிடையாதேம்மா. பிஞ்சுபோச்சுன்னு நான்தான் வெட்டி வளையத்தைத் திருப்பித் தைச்சேன். எண்ணு ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்கும், பாக்கலையா?"

நான் படித்தது பேரன் பிடித்த முனையை இல்லை, என் கையில் இருந்த முனையை. முப்பது மீட்டர் டேப், நாலு தடவை வைத்து அளந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு மீட்டர் குறை. ஆக என் நூறு மீட்டர் தொண்ணூற்றாறு. 47 என்பது 49. திங்கட்கிழமையின் 52 என்பது 54. காபி ஆறும்வரை தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது மட்டும் அப்படியே இருக்கிறது, ஐந்து.

காலையில் தானே வந்து சங்கிலியால் அளந்து தருவதாகச் சொல்கிறார். கீழே குனிந்து பிடிக்க அவரால்தான் முடியும். மாமி கோலம் போடுவதற்கு முன்னால் போக வேண்டுமாம், நாலேகாலுக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறார்.