ஒரு ஃபைபர் லைன், பன்னிரண்டு வீடு: தெரு மெஷ்ஷில் தேறியதும் தேறாததும்

இருப்பது 100 மெகாபிட் ஃபைபர் லைன் ஒன்று. தெருவில் 8 வீடு. தென்னந்தோப்பைத் தாண்டி 1.4 கிலோமீட்டரில் 4 வீடு, அங்கே ஃபைபர் போகவில்லை. இந்த ஒரே லைனை மெஷ் மூலம், அதாவது ஒன்றுக்கொன்று கடத்திவிடும் ரவுட்டர்களின் வலை மூலம், காற்றில் பிரித்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் கொடுக்க என்னென்ன வேண்டும், எது எங்கே சொதப்பும் என்பதற்கான வேலைக் குறிப்பு இது.

முதலில் சட்டம். வீட்டு பிராட்பேண்ட் ஒப்பந்தத்தில் இணைப்பை வெளியாருக்குக் காசுக்குக் கொடுக்கக் கூடாது என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். நேரான வழி பிஎம்-வாணி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பொது வைஃபைத் திட்டம். இதில் பிடிஓ, அதாவது வைஃபை கொடுக்கும் சிறு கடைக்காரர் போன்றவர் ஆவதற்கு உரிமமும் வேண்டாம், தொலைத்தொடர்புத் துறையில் பதிவும் வேண்டாம். பதிவு பெற்ற பிடிஓஏ, அதாவது பிடிஓக்களைத் திரட்டி நடத்தும் நிறுவனம், ஒன்றின் கீழே சேர்ந்தால் போதும். ஆள் சரிபார்ப்பும் கணக்கும் அவர்கள் பாடு. 200 மெகாபிட் வரையுள்ள வீட்டு ஃபைபர் திட்டங்களை பிடிஓவுக்குக் கொடுக்கும்போது வீட்டுக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டது. மலிவாக நெட் பகிரும் கணக்கே அந்த உச்சவரம்பில்தான் நிற்கிறது. அலைவரிசைக்கும் உரிமம் வேண்டாம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018-லும் திறந்துவிடப்பட்டன. 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை, அனுப்பும் சிக்னலின் வலிமை, ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து, 36 டிபிஎம் தாண்டக் கூடாது என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும்.

சாமான்

தெருவுக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டர் மூன்று, தோப்புக்கு அப்பால் ஒன்று. இடையில் பாலம் போட டிபி-லிங்க் சிபிஇ510 என்ற வெளிப்புற ரேடியோ ஒரு ஜோடி. வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை கேட்5இ கேபிள் 60 மீட்டர், ஒன்றரை அங்குல ஜிஐ பைப் 3 மீட்டரில் இரண்டு, கிளாம்ப், இழுகம்பி.

சி6 வாங்கும்போது அடிப்பக்க ஒட்டுத்தாளில் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது. ஒரே பெயரில் இரண்டாம் பதிப்பில் குவால்காம் சில்லும், மூன்றாம் பதிப்பில் மீடியாடெக் சில்லும் வருகின்றன. ரவுட்டரில் ஏற்றும் திறந்த மென்பொருளான ஓப்பன்வர்ட்டின் கோப்பும் வேறு வேறு. மாற்றி ஏற்றினால் ரவுட்டர் செங்கல்தான். மீடியாடெக் பதிப்புக்கே போவது நல்லது. 16 எம்பி ஃபிளாஷ் இருப்பதால் கூடுதல் பொதிகளுக்கு இடம் இடிக்காது.

கேபிளில் அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய ரகம் கடைகளில் நிறையக் கிடக்கிறது. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். மின்தடை கூடுதல், வெயிலில் காய்ந்தபின் கிரிம்ப் செய்த இடத்தில் ஒடியும். தவிர்க்கவும்.

தெரு மெஷ்

மெஷ்ஷுக்கென்றே தயாராக வரும் லிப்ரேமெஷ்ஷை ஏற்றினால் பாதி வேலை தானாக முடியும். ஆனால் நான்கே ரவுட்டர் என்றால் வெறும் ஓப்பன்வர்ட்டில், பாக்கெட் போகும் வழியைத் தேரும் பேட்மேன்-அட்வான்ஸ்டைக் கையால் அமைப்பதே மேல். எங்கே எது இருக்கிறது என்று தெரிந்தால்தான் பிறகு பழுது பார்க்க முடியும்.

ரவுட்டர்கள் தமக்குள் பேச 5 கிகாஹெர்ட்ஸ், வீட்டுக்காரர்கள் பிடிக்க 2.4. இரண்டையும் ஒரே ரேடியோவில் போட்டால் ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒரே வாயால் கேட்கவும் பேசவும் வேண்டுமே. சேனல் 149. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் கேட்டால் ரவுட்டர் தானே விலகியாக வேண்டும். திரும்ப எழும் முன் ஒரு நிமிடமாவது காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அந்த ஒரு நிமிடம் தெரு முழுக்க நெட் இல்லை.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் நான்கு.

ஓப்பன்வர்ட்டோடு வரும் டபிள்யூபேட்-பேசிக் பொதிக்குக் கடவுச்சொல் போட்ட மெஷ் தெரியாது. அதை நீக்கிவிட்டு டபிள்யூபேட்-மெஷ் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பிழைச் செய்தி கண்ணில் படாது. மெஷ் எழும்பாமல் கிடக்கும், அவ்வளவுதான்.

வைஃபைக்குள்ளேயே இருக்கும் 802.11எஸ் மெஷ்ஷுக்குத் தனக்கென வழிகாட்டும் புத்தி ஒன்று உண்டு. மேலே பேட்மேன் ஓடும்போது அந்த ஃபார்வர்டிங் மதிப்பை 0 ஆக்க வேண்டும். விட்டுவைத்தால் இருவரும் ஆளுக்கொரு வழி சொல்லிப் பாக்கெட்டைச் சுற்றவிடுவார்கள்.

மூன்றாவது, பேட்மேன் தூரத்து ரவுட்டரை நேரே பிடித்துக்கொண்டு தொங்குவது. அது வழியைத் தேர்வது சிறு அறிவிப்புப் பாக்கெட்டுகள் எத்தனை வந்து சேர்ந்தன என்பதை வைத்து. அந்த அறிவிப்புகள் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் போவதால் மோசமான நீண்ட இணைப்பிலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். அதை நம்பி உங்கள் வீடியோவையும் அதே வழியில் அனுப்பும். அறிவிப்புகள் போகும் மல்டிகாஸ்ட் வேகத்தை 6-லிருந்து 24 மெகாபிட்டுக்கு உயர்த்தினால், பலவீனமான வழி அறிவிப்பிலேயே தோற்றுப்போய் நடு ரவுட்டர் வழியாகத் திரும்பும். வேகச் சோதனையில் வித்தியாசம் உடனே தெரியும்.

நான்காவது கொஞ்சம் விஷமமானது. பிங் போகிறது, வாட்ஸ்அப் போகிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றுகின்றன. ஃபைபர் லைன் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்றால் அதன் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 பைட். பேட்மேன் தன் பங்குக்கு 32 பைட் தலைப்பு சேர்க்கிறது. மெஷ் இடைமுகத்தின் எம்டியூவை 1532 அல்லது அதற்கு மேல் வைத்து, ஃபயர்வாலில் பாக்கெட்டை அந்த வரம்புக்குள் அடக்கும் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை இயக்கினால் தீரும். டிஎன்எஸ்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

தோப்பைத் தாண்டி

காகிதத்தில் போட்ட கணக்கு: 5.8 கிகாஹெர்ட்ஸில் 1.4 கிலோமீட்டருக்கு இழப்பு 110.6 டெசிபல். சிபிஇ510-இன் ஆன்டெனாவின் பெருக்கம் 13 டிபிஐ. 36-ஐத் தாண்டாமலிருக்க ரேடியோவை 23 டிபிஎம்மில் நிறுத்தினால் மறுமுனையில் −61.6 டிபிஎம் வர வேண்டும் (மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம்). கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் மட்டும் போதாது. நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் இடமான ஃப்ரெனல் வளையத்தின் ஆரம் நடுவழியில் 4.25 மீட்டர், அதில் 60 சதவீதமாவது, அதாவது 2.55 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும்.

கட்டியபின் வெயில் நாளில் −63. கணக்கோடு ஒத்துப்போகிறது. மழை பெய்ததும் −74. எல்லோரும் மழையைத்தான் திட்டுவார்கள். இந்த அலைவரிசையில், இந்தத் தூரத்துக்கு, கொட்டுகிற மழையே ஆனாலும் ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் தின்னாது. மீதியைத் தின்றது வளையத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்த நனைந்த தென்னை மட்டை. ஒரு பக்கத்துப் பைப்பை 2 மீட்டர் உயர்த்தி, மூன்று பக்கம் இழுகம்பி கட்டியபின் மழையிலும் −65. தென்னை நிற்காமல் வளரும் என்பதால் வருடத்துக்கொருமுறை இதை மறுபடி பார்க்க வேண்டிவரும்.

ஆன்டெனாவைத் திருப்பும் வேலை சுலபம். கிடைமட்டத்தில் 45 பாகை பரவுவதால் மயிரிழை பிசகினாலும் பிடித்துக்கொள்ளும். டிஷ் வகை வாங்கியிருந்தால் காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் மாடி ஏற வேண்டும். மென்பொருளில் தூரத்தைக் கையால் 2 கிலோமீட்டர் என்று கொடுக்க வேண்டும். போய்வர அலைக்கு 9.3 மைக்ரோ நொடி ஆகிறது; வைஃபையின் ஒரு காத்திருப்புத் துண்டே 9 மைக்ரோ நொடிதான். பதில் வரும் முன்பே "வரவில்லை" என்று முடிவுகட்டித் திரும்ப அனுப்பத் தொடங்கிவிடும். சிபிஇ510-இன் மூன்றாம் பதிப்பில் ஈதர்நெட் 100 மெகாபிட்தான், ஆகவே 95-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எறும்பு வேறு கதை: இணைப்பானின் வெதுவெதுப்பைத் தேடி வந்து கூடு கட்டும். நுழைவாயைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்ற வேண்டும். அணிலுக்கு மருந்து பிவிசி பைப் மட்டுமே.

கரண்ட்

ரேடியோ வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் கரண்ட்டோடு மல்லுக்கட்டுவதுதான். 2000-களின் நடுவில் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களோடு நீண்ட தூர வைஃபையால் இணைத்தது பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று. தூரத்தால் பதில் தாமதிக்கும் அந்தக் காத்திருப்புச் சிக்கலுக்கு அவர்கள் ஆளுக்கொரு நேரம் ஒதுக்கும் முறையை எழுதிச் சமாளித்தார்கள். அதன்பின் அவர்கள் பெரிதாகப் பதிவு செய்தது மின்சாரத்தின் தரத்தை: ஏறி இறங்கும் வோல்டேஜும் திடீர்ப் பாய்ச்சலும் கருவிகளைப் பழுதாக்கின. இன்றும் நிலைமை அதேதான்.

முழுசாக கரண்ட் போவதைவிடக் குறை வோல்டேஜ் மோசம். அடாப்டர் பாதி உயிரோடு இருக்கும், ரவுட்டரில் விளக்கு எரியும், உள்ளே உறைந்துபோயிருக்கும். சி6 ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போட்டதும் இந்தத் தொல்லை தீர்ந்தது. சிபிஇ510-க்கு 24 வோல்ட் வேண்டும்: 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு தொடராக, 168 வாட்-மணி. பாதிக்குக் கீழே இறக்காமல், 6 வாட் செலவில் 14 மணி நேரம் தாங்கும். ஆனால் சார்ஜில் இருக்கும்போது ஜோடி 27.6 வோல்ட் வரை ஏறும். நேரே கொடுக்காமல் நடுவில் 24-க்கு நிலைப்படுத்தும் பக் கன்வெர்ட்டர் வைக்கவும்.

சிபிஇ510 பெட்டிகளுக்குக் கரண்ட் ஈதர்நெட் கேபிளிலேயே போகிறது: 4, 5 பின் நேர், 7, 8 பின் எதிர், எப்போதும் உயிரோடு. யாராவது அந்தக் கேபிளை லேப்டாப்பில் செருகினால் போர்ட் போச்சு. முனையில் சிவப்பு டேப் சுற்றி வைக்க வேண்டும்.

தானே மறுதொடக்கம் செய்யும் நிரல் வைப்பதென்றால் அது பிங் செய்ய வேண்டியது தெருவின் கேட்வே, அதாவது ஃபைபரோடு சேரும் ரவுட்டர், முகவரியை. வெளி முகவரியை வைத்தால் ஃபைபர் அறுந்த அன்று பாலம் ஐந்து நிமிடத்துக்கொருமுறை செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும்.

பங்கீடு

ஒரு வீட்டில் கேம் பதிவிறக்கினால் பதினொரு வீட்டில் வீடியோ அழைப்பு திணறும். கேட்வேயில் பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் பொதியை ஏற்றி, அதில் கேக் என்ற முறையைத் தேர்ந்து, வேகத்தை லைனின் 90 சதவீதமாக, அதாவது 90 மெகாபிட்டாகக் கட்ட வேண்டும். வரிசை நிற்பது ஃபைபர் நிறுவனத்தின் பெட்டியில் இல்லாமல் நம் கையில் நிற்பதற்காகத்தான் அந்த 10-ஐ இழப்பது. முகவரிவாரியாகச் சமமாகப் பிரிக்கும் தேர்வையும் போட வேண்டும். இதற்கு, பல உள் முகவரிகளை ஒரே முகவரியாகக் காட்டும் முகவரி மாற்றம் கேட்வேயில் மட்டுமே நடக்க வேண்டும். நடு ரவுட்டர்களிலும் நடந்தால் அதன் பின்னே இருக்கும் நான்கு வீடும் கேக்கின் கண்ணுக்கு ஒரே ஆள். வீட்டுக்குள் தனி ரவுட்டர் வைத்து எடுப்பவர்களுக்கு ஒரு முகவரி, ஒரு பங்கு. அது நியாயமாகவே அமைகிறது.

செலவுக் கணக்குக்கு ஒரு மாதிரி: லைன் 1,500 ரூபாய், ஜிஎஸ்டியோடு 1,770. நான்கு சி6, இரண்டு சிபிஇ சேர்ந்து 34 வாட் என்றால் மாதம் ஏறக்குறைய 25 யூனிட், அதற்கு 150. பேட்டரி, அடாப்டர் மாற்ற ஒதுக்குவது 480. மொத்தம் 2,400, வீட்டுக்கு 200. பிடிஓஏவின் பங்கு இதில் சேராது. அந்த 480-ஐ விட்டுவிட்டு வீட்டுக்கு 160 ஆக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். முதல் பேட்டரி செத்த மாதம் தோப்புக்கு அப்பால் நான்கு வீடும் இருட்டில் நிற்கும்.

இன்னும் பாக்கி இருப்பது இடிக்கான ஏற்பாடு. இரண்டு பைப்புக்கும் 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் எர்த், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஈதர்நெட் சர்ஜ் காப்பான். ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும்.