செத்த அம்பாசிடருக்கு எதிர் வீடு

எங்கள் வீட்டுக்கு வழி சொல்வது சுலபம். பிள்ளையார் கோவிலைத் தாண்டி இரண்டாவது இடது, செத்த அம்பாசிடருக்கு எதிர் வீடு. சாப்பாடு கொண்டு வரும் பையன்கள், சிலிண்டர்காரர், கல்யாணப் பத்திரிகை வைக்க வரும் சொந்தக்காரர்கள், யாரும் இதுவரை தவறியதில்லை. கதவு எண் சொன்னால்தான் தவறிவிடுவார்கள். பழைய எண்ணா புதிய எண்ணா என்று எனக்கே குழப்பம் உண்டு.

வண்டி ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்து பதினொரு வருடம் ஆகிறது. நாங்கள் வந்த அன்றே அது அங்கேதான் நின்றது. இடையில் இரண்டு முறை ரோடு போட்டார்கள். இரண்டு முறையும் வண்டியை நகர்த்தாமல் அதைச் சுற்றியே தார் ஊற்றிவிட்டுப் போனதில் ரோடு உயர்ந்தது, வண்டி தாழ்ந்தது. இப்போது பார்த்தால் ஏதோ பூமிக்குள்ளிருந்து மெல்ல முளைத்து வருவது போல இருக்கும். அம்பாசிடர் உற்பத்தியே 2014-ல் நின்றுபோனது. எங்கள் தெரு அம்பாசிடர் அதற்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது.

கேட்பாரற்ற வாகனம் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதுவார்கள். எங்கள் வண்டிக்கு அது பொருந்தாது, கேட்பவர்கள் அதிகம். மூன்றாம் வீட்டுப் பாட்டி அதன் கூரையில்தான் கூழ்வடகம் பிழிவார். வெயிலில் சூடேறிய தகரத்துக்கு மொட்டை மாடி ஈடாகாது என்பது அவருடைய கட்சி. பூக்கார அம்மாவின் வாளி முன் சீட்டில் இருக்கும். பின் சீட் பூனையின் பிரசவ வார்டு. டிக்கிதான் பையன்களுக்கு ஸ்டம்ப். அதில் பந்து பட்டால் தெருக்கோடி வரை சத்தம் கேட்கும் என்பதால் அவுட்டா இல்லையா என்ற சண்டையே வராது. நம்பர் பிளேட் அந்த வகையில் எப்போதோ காலி.

எனக்கும் வண்டிக்கும் பகை இல்லை. போன ஐப்பசி வரைக்கும்.

மழை விட்ட ஒரு காலையில் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தார். எங்கள் வீட்டுத் தொட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டி எல்லாம் பார்த்து "சுத்தமா இருக்கு சார்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு எதிரே போனார். துருப்பிடித்த டிக்கியைத் தூக்கி, ஸ்டெப்னி டயருக்குள் டார்ச் அடித்தார். ஒரு கரண்டியால் தண்ணீரை மொண்டு என்னிடமே கொண்டுவந்து காட்டினார். உள்ளே நெளிந்துகொண்டிருந்தன, நூறாவது இருக்கும்.

"ஏடிஸ் சார். டெங்கு கொசு. சாக்கடையில போடாது, இந்த மாதிரி மழைத் தண்ணிலதான் முட்டை போடும். ஒரு வாரம் பத்து நாள்ல பறக்க ஆரம்பிச்சிடும்."

தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதுமே என்றேன். போதாதாம். முட்டை டயரின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லை டயரையே அப்புறப்படுத்த வேண்டும் என்றார். அப்புறம் சாக்பீஸை எடுத்து, தேதி போட்டு, "புழு உள்ளது" என்று எழுதினார். என் காம்பவுண்டுச் சுவரில்.

"ஏம்மா, புழு அந்த வண்டியிலதானே?"

"வண்டிக்குச் சுவர் இல்லையே சார்."

அன்று சாயங்காலத்துக்குள் நாலு பேர் நின்று படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். வாக்கிங் போகும் வங்கி மேனேஜர் மாஸ்க்கே போட்டுக்கொண்டார்.

ரோஷம் வந்துவிட்டது. ராத்திரி உட்கார்ந்து சட்டம் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டோ ஆள் இல்லாமலோ ஒரு வண்டி நின்றால், அந்த எல்லைக்குட்பட்ட சீருடைப் போலீஸ் அதிகாரி அதை இழுத்துப் போகச் சொல்லலாம். எங்கள் அம்பாசிடருக்குக் கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்து பதினொரு வருடம், லீப் வருடத்தை விட்டுவிட்டாலும் 96,360 மணி நேரம். அடுத்த உட்பிரிவு இன்னும் இனிப்பு. உடைந்த, எரிந்த, பாதி கழற்றிய வண்டி போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனே அகற்றலாம், பத்து மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மூன்றாவது உட்பிரிவு, இழுத்துப் போகும் செலவு முழுக்க வண்டியின் சொந்தக்காரர் தலையில் என்கிறது. அந்த வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். மனைவி தூக்கத்தில் "யாரைத் திட்றீங்க?" என்றாள்.

இது போதாதென்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ம் பிரிவையும் பிடித்தேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 ஆக இருந்தது, 2024 ஜூலையில் புது எண் வாங்கிக்கொண்டது. பொதுத் தொல்லை என்று தெரிந்தால் அகற்றும்படி நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். அதாவது கோட்டாட்சியர் வரைக்கும் போகலாம். நான் போகத் தயாராக இருந்தேன். சுவரில் புழு என்று எழுதப்பட்ட மனிதன் எங்கே வேண்டுமானாலும் போவான்.

மனு எழுதினேன். இரண்டு பிரிவுகளையும் போட்டு, 96,360 மணி நேரத்தை அடிக்கோடிட்டு, கடைசியில் ஒரு கம்பீரத்துக்காக ஒரு வரி சேர்த்தேன்: "மேலும் இத்தெருவில் உள்ள இதர கேட்பாரற்ற வாகனங்கள் அனைத்தையும் அகற்றி, உரிமையாளர்கள் மீது பாரபட்சமின்றி நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." பாரபட்சமின்றி என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

செய்தி பரவியதும் தெரு என்னோடு பேசுவதை நிறுத்தியது. பாட்டி மட்டும் வாசலுக்கு வந்தார். "தம்பி, தை மாசம் வடகம் போடணும். உங்க மாடியில போட்டுக்கவா?" என்று கேட்டார். அதில் இருந்தது வேண்டுகோளா மிரட்டலா, தெரியவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை, வந்தேவிட்டார்கள். ஒரு எஸ்.ஐ., ஒரு காவலர், சுகாதாரப் பிரிவிலிருந்து ஒருவர், பின்னால் இழுவை வண்டி. நான் சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கினேன். தெரு முழுக்க வேடிக்கை பார்க்க நின்றது.

அம்பாசிடரில்தான் ஆரம்பித்தார்கள். நம்பர் பிளேட் இல்லை. சேசிஸ் நம்பரைத் துரு தின்றிருந்தது. காவலர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்து, நாலு எண் தெரிகிறது, மிச்சம் யூகம்தான் என்றார். சொந்தக்காரரைக் கண்டுபிடித்துத் தகவல் சொல்லக் கொஞ்ச நாள் ஆகும் என்று, போட்டோ எடுத்துக் கண்ணாடியில் ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள். இழுவை வண்டிக்காரரும் தாருக்குள் புதைந்த சக்கரங்களைப் பார்த்துவிட்டு, இதற்குக் கடப்பாரை வேண்டும் என்றார். எனக்கு ஏமாற்றம்.

"மனுவுல இதர வாகனங்கள்னு போட்டிருக்கீங்களே சார், அதையும் பாத்துடுவோம்" என்றார் எஸ்.ஐ.

தெருக்கோடியில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு டி.வி.எஸ். 50 சாய்ந்து கிடந்தது. அவர்கள் அதை நெருங்குவதற்குள் எதிர் வீட்டுக்காரர் ஓடிவந்து, "இது ஓடுற வண்டி சார்" என்று சொல்லியபடியே அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்தது இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில், நீலத் தார்ப்பாய் மூடிய ஏதோ ஒன்று. தினமும் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் துணி வாங்குகிறேன். கரி மூட்டை என்றே நினைத்திருந்தேன். தார்ப்பாயை விலக்கினார்கள். பச்சை பெயின்ட் அடித்த ஒரு பழைய பஜாஜ் சேத்தக். இடது பக்க டப்பாவில் தீப்பெட்டி, கொஞ்சம் கரி, வெற்றிலை.

"பாருங்க சார், இந்த மாதிரிதான்" என்று நான் தொடங்கினேன். குரல் வேண்டிய அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது. "வாங்குறப்ப ஆசையா வாங்குறது, அப்புறம் தெருவுல போட்டுட்டுப் போறது. இவங்களுக்கெல்லாம் செலவோட சேர்த்து அபராதமும் போடணும்."

எஸ்.ஐ. போனில் எண்ணைத் தட்டினார். நம் போனில் தட்டினால் சொந்தக்காரர் பெயரில் பாதியை நட்சத்திரமாக்கித்தான் காட்டும். அவர் போனில் நட்சத்திரம் இல்லை போலிருக்கிறது. படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மனுவின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

"சார், உங்கப்பா பேர் என்ன?"

சொன்னேன்.

"அப்ப இது உங்க வண்டிதான்."

தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். பாட்டியாக இருக்காது என்று நம்புகிறேன்.

நான் குனிந்து பார்த்தேன். டப்பா மூடியின் உட்புறம், பச்சை பெயின்ட் எட்டாத இடத்தில், என் பெண் யு.கே.ஜி. படிக்கும்போது ஆணியால் கீறிய 'அ'. சுழியைத் தப்பான பக்கம் போட்டிருப்பாள். அதற்காக நான் அன்று திட்டியதும் நினைவுக்கு வந்தது. 1998-ல் வாங்கிய வண்டி. பிள்ளையைப் பள்ளிக்கும், அப்பாவை ஆஸ்பத்திரிக்கும், ஒரு தடவை முழு கிரைண்டரையும் சுமந்த வண்டி. 2009-ல் நகரத்தின் மறுகோடியில் ஒரு மெக்கானிக்குக்கு 4,500 ரூபாய்க்குக் கொடுத்தேன். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை வெற்றாக விட்டு என் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். "பேரை நான் மாத்திக்கிறேன் சார்" என்றார் அவர். மாற்றியிருப்பார் என்று நானும் பதினைந்து வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். விற்றவரும் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 50-ம் பிரிவு. அன்று ராத்திரி 127 வரை படித்தவன் 50-ஐத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

"கை மாறினாலும் பேப்பர்ல யார் பேரோ அவர்தான் சார் ஓனர்" என்றார் எஸ்.ஐ., டாக்டர் ரிப்போர்ட்டைப் படிக்கும் தொனியில். 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கிறது. நாலு பேர் கைமாறிய கார் ஒன்று விபத்தில் மாட்ட, பதிவில் பெயர் இருந்த முதல் ஆள்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. என் வண்டி இத்தனை வருடத்தில் யார் மீதும் மோதாமல் இருந்ததற்கு அந்தக் கோவில் பிள்ளையாருக்குத்தான் தேங்காய் உடைக்க வேண்டும்.

எஸ்.ஐ. நல்ல மனிதர். "நீங்களே எடுத்துட்டீங்கன்னா இழுவைச் செலவு மிச்சம்" என்றார். மூன்றாவது உட்பிரிவு என் காதில் என் குரலிலேயே கேட்டது.

தள்ளினேன். இரண்டு டயரிலும் காற்று இல்லை. வழியில் ஒரு இடத்தில், பழக்க தோஷம், வண்டியை இடது பக்கம் சாய்த்து ஒரு உதை விட்டேன். இன்ஜினுக்குள் ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மேவார் ராஜா ராணா பிரதாப்பின் குதிரை சேத்தக், ஹல்திகாட்டிப் போரில் காயத்தோடு ராஜாவைச் சுமந்து போய் உயிரை விட்டது என்பார்கள். எங்கள் கதையில் ராஜாதான் குதிரையைச் சுமந்தார். பையன்கள் பின்னால் கை கொடுத்தார்கள், பாட்டி "இடது பக்கம், இடது பக்கம்" என்று வழி சொன்னார். மூன்று வாரத்துக்குப் பிறகு தெரு என்னோடு பேசியது.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். "வித்துட்டேன்னு சொன்னீங்க?" என்றாள். அவ்வளவுதான். 4,500 ரூபாயில் அவளுக்கு ஒரு புடவை எடுத்துத் தந்ததை நினைவுபடுத்தினேன். கிழிந்து ஐந்து வருடம் ஆகிறதாம்.

காயலான்கடைக்குப் போட்டுத் தொலைத்துவிடலாம் என்று பார்த்தால், அதற்கும் வழிமுறை உண்டு. 2021 விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். வைப்புச் சான்றிதழ் தருவார்கள், அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை. அதெல்லாம் சரி, ஆர்.சி. புக் எங்கே? நகல் வாங்க, தொலைந்துபோனது என்று போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே ஸ்டேஷன். அதே எஸ்.ஐ. முகம். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் கொசுப் பணியாளர் வந்து, ஸ்கூட்டரின் டயரில் டார்ச் அடித்து, என் சுவரில் எழுதிவிட்டுப் போனார். இந்தத் தடவை நான் ஒன்றும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை இஸ்திரிக்கார அண்ணன் துணி கொண்டு வந்தார். வண்டி போன கோபம் இருக்கும் என்று நினைத்தேன். முகத்தில் அப்படி எதுவும் இல்லை. கேட்டுக்குள் நின்ற சேத்தக்கை ஒரு பார்வை பார்த்தார். டப்பாவைத் திறந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

"இது உங்களுக்கு எப்படிண்ணே வந்துச்சு?"

"பால்காரர்கிட்ட அறுநூறு ரூபாய்க்கு வாங்கினேன் சார். அவர் ஒரு டிரைவர்கிட்ட வாங்கினாராம். அதுக்கு முன்னாடி யாரோ. ஓடாதுன்னு தெரியும், டப்பாவுக்காக வாங்கினேன்."

"புக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

"கேட்கவே இல்லையே நீங்க" என்றார். துணி மூட்டையில் சட்டைகளுக்கு நடுவிலிருந்து உருவி எடுத்தார். ஆர்.சி. புக், உள்ளே படிவம் 29, படிவம் 30. என் 2009-ம் வருடக் கையெழுத்து. வாங்குபவர் பெயர் இன்னும் வெற்றிடமாகவே இருந்தது. ஒரு மடிப்பு, சுருக்கம் இல்லை.

"ரொம்பக் கசங்கி இருந்துச்சு சார். அதான் ஒரு தேய் தேய்ச்சுட்டேன்."

ஆறு சட்டை, மூன்று காகிதம். ஒன்பது உருப்படிக்குத் தொண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.