மோல்டுக்கு எண்ணெய் போடும் நேரம்

கட்டுமானத் தளத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவர்களுக்கு 'டேபிள் ரிசல்ட்' என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கான்கிரீட் போடும்போது அதில் கொஞ்சம் எடுத்து 150 மில்லிமீட்டர் கனசதுர மோல்டில் நிரப்பி வைப்போம். மறுநாள் மோல்டைக் கழற்றி, கியூபைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, 28ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்குவோம். எம் 25 கான்கிரீட் என்றால், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் பலம் வேண்டிய கான்கிரீட் என்றால், கியூப் 562.5 கிலோநியூட்டன் சுமையைத் தாங்கினால்தான் 25 என்ற எண் வரும். நசுக்காமலே, உட்கார்ந்த இடத்தில் அந்த எண்ணை ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் டேபிள் ரிசல்ட். நான் எழுதியிருக்கிறேன், மாதக்கணக்கில்.

முதல் தடவை நடந்தது ஒரு ராத்திரி. 60 கன மீட்டர் ஸ்லாப். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன்படி 50 கன மீட்டர் வரை 4 மாதிரி, அதற்கு மேல் இன்னொன்று. மாதிரிக்கு மூன்று கியூப் வீதம் 15 வேண்டும். கையில் சுத்தமாக இருந்தவை ஆறு மோல்டுகள்தான். மற்றவற்றில் போன தடவை கான்கிரீட் ஒட்டி இறுகிக் கிடந்தது, போல்ட் திரும்பவில்லை. மணி இரண்டு. பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஆறு கியூப் மட்டும் போட்டேன். 28 நாள் கழித்து மிச்சம் ஒன்பது எண்களையும் நானே உண்டாக்கினேன். ஒரு மாதிரியின் மூன்று கியூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று விதி இருக்கிறது. அதையும் கவனித்து 31.2, 29.8, 32.4 என்று எழுதினேன். பார்ப்பவருக்குச் சந்தேகம் வராத எண்கள். அதன்பிறகு அது பழகிவிட்டது.

அந்த மாதங்களிலும் ஞாயிறு ஆராதனை தவறவில்லை. பாவ அறிக்கை ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொல்வேன், கண்கலங்கியும் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அதே ரிஜிஸ்டர், அதே பேனா. நடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே மனம் உடைந்தது. ஆனால் உடைந்த மனம் சபை வாசலைத் தாண்டி வேலைக்கு வரவில்லை. மன்னிப்பு என்றால் பலகையைத் துடைப்பது, துடைத்தபின் மறுபடி எழுதலாம் என்று எனக்குள் ஏதோ ஒன்று நம்பியிருக்கிறது.

ஞாயிறு பள்ளியில் வரி வசூலிப்பவனான சகேயுவின் கதையை எடுக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை இரவு லூக்கா 19ஆம் அதிகாரத்தை வாசித்துத் தயாரித்துக்கொண்டிருந்தேன். குள்ளமானவன், காட்டத்தி மரம், 'சீக்கிரமாய் இறங்கிவா' என்ற இயேசுவின் அழைப்பு, எல்லாம் சிறு வயதிலிருந்து தெரிந்ததுதான். அன்றைக்கு, ஏமாற்றி வாங்கியதை 'நாலத்தனையாக', அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்று சகேயு சொல்லும் வார்த்தையில் நின்றுவிட்டேன். ஏமாற்றியதைத் தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது லேவியராகமம். ஆட்டைத் திருடி அடித்தவனோ விற்றவனோதான் நாலு மடங்கு கொடுக்க வேண்டும். சகேயு தன்னைத் திருடனுடைய வரிசையில் நிறுத்திக்கொள்கிறான். அதுமட்டுமல்ல. யாருக்கு நாலு மடங்கு என்று தெரிய வேண்டுமானால் யாரிடம் எவ்வளவு எடுத்தோம் என்று தெரிய வேண்டும். வேதத்தில் அது எழுதப்படவில்லை. ஆனாலும் இயேசு புறப்பட்டுப் போனபின் அவன் பழைய வரிக்கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் பெயராக விரல் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இயேசு அவன் வீட்டுக்கு வந்தது கணக்கு தீர்ந்தபிறகு அல்ல, முன்னாலேயே வந்துவிட்டார். வந்ததனால்தான் அவனுக்குக் கணக்கைத் திறக்கத் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் பாடத்தை நடத்தினேன். திங்கட்கிழமை ரிஜிஸ்டரைத் திறந்து, பொய்யான ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். 41 புள்ளிகள். எடுத்துக்கொண்டு ப்ராஜெக்ட் மேனேஜரிடம் போனேன். நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். "இப்ப எதுக்கு தம்பி இதைக் கிளறணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; எனக்காகப் பயந்த குரலாகத்தான் இருந்தது. "சார், அந்த இடங்களை மட்டும் ஹேமர் வெச்சுப் பார்த்துடலாம் சார்" என்றேன். கான்கிரீட்டை உடைக்காமல் மேலே தட்டிப் பலத்தைக் கணிக்கும் கருவி அது. பார்த்தோம். ஒரு ஸ்லாபில் அளவு குறைவாகக் காட்டியதால் மூன்று கோர், அதாவது துளைத்தெடுத்த உருளைத் துண்டுகள், எடுத்தோம். கோர்களின் சராசரி குறிப்பிட்ட பலத்தில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எதுவும் 75க்குக் கீழே போகக் கூடாது. தேறியது. ஆனால் அது தேறியதில் என் பங்கு ஒன்றுமில்லை என்பதை இன்றுவரை மறக்க முடியவில்லை. அந்த ஸ்லாபின் கீழே இப்போது குடும்பங்கள் தூங்குகின்றன. அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை. அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். இனி எழுத மாட்டேன் என்று ஜெபித்து உறுதி எடுத்தேன். மூன்றாவது வாரமே ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி மோல்டு பற்றவில்லை. பொய் எழுதுவது 28 நாள் கழித்து என்றாலும், பாவம் அன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. நாலு மணிக்கு மோல்டுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, போல்ட் முறுக்கி, உள்ளே எண்ணெய் தடவி வைத்திருந்தால் இரண்டு மணிக்கு எனக்கு அந்தப் போராட்டமே இருந்திருக்காது. நாலு மணிக்கு யாரும் என்னைச் சோதிக்கவில்லை. சோம்பலாக இருந்தது, டீ குடிக்கப் போனேன், அவ்வளவுதான்.

சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்று தினமும் ஜெபிக்கிறவன் நான். அந்த ஜெபத்துக்கு என் கை செய்ய வேண்டிய பங்கு ஒன்று இருப்பதாக அதுவரை தோன்றியதே இல்லை. ரோமர் 6ஆம் அதிகாரத்தில் பவுல், அவயவங்களை நீதிக்குரிய ஆயுதங்களாக ஒப்புக்கொடுங்கள் என்கிறார். உணர்ச்சிகளை என்று சொல்லவில்லை. அவயவம் என்றால் எனக்கு இந்த வலது கை. அது நாலு மணிக்கு எண்ணெய்த் துணியைப் பிடித்தால் ராத்திரி பேனாவை நேராகப் பிடிக்கிறது.

அந்த ராத்திரி பம்பை நிறுத்தச் சொன்னேன். மோல்டுகளைச் சுத்தம் செய்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. சூப்பர்வைசர் அண்ணன் திட்டியதெல்லாம் இங்கே எழுதக்கூடியது அல்ல. அன்றிலிருந்து கான்கிரீட் உள்ள நாளில் நாலு மணிக்கு டீ இல்லை. ரிசல்ட் எண்ணை எழுத மேசைக்குப் போவதும் இல்லை. இயந்திரம் முன்னால் நின்று, கியூப் உடைகிற சத்தம் கேட்டு, முள் நின்ற இடத்தைப் பார்த்து, அங்கேயே பேனாவால் எழுதிவிடுகிறேன். பென்சில் எடுத்துப் போவதை விட்டுவிட்டேன்.

இது முடிந்துபோன விஷயம் அல்ல. போன மாதம் காய்ச்சலில் ஒரு நாள் வரவில்லை. 28ஆம் நாளுக்கு முன்னோட்டமாக ஏழாம் நாள் உடைக்க வேண்டிய ஒரு கியூபை எட்டாம் நாள் உடைத்தேன். எண் உண்மையான எண். தேதியை மட்டும் ஏழாம் நாளாக எழுதிவிட்டேன். கை தானாகவே எழுதியதுபோல இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து ஜெபிக்கத் தலை குனிந்தபோதுதான் உறைத்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய், அந்தத் தேதியைக் கோடு போட்டு அடித்து, சரியான தேதியை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.