தாழ்வாகப் பறந்தது என்று மட்டும் எழுதினால் போதாது

எங்கள் வீட்டின் மேல் விமானங்கள் மிகவும் தாழ்வாகப் பறக்கின்றன என்று நான் அனுப்பிய முதல் புகாருக்கு, மூன்று வாரங்கள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: குறிப்பிட்ட நாள்களில் விமானங்கள் யாவும் விதிகளுக்கு உட்பட்டே பறந்துள்ளன. படுத்த படுக்கையாக இருக்கும் என் தந்தை ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு விழிப்பதையும், விடுமுறை நாள்களில் ஒரு சிறு விமானம் அரை மணி நேரம் எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி வருவதையும் நான் இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியால் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் அந்த விதிகளைத் தேடிப் படித்தபோது, என் கடிதம் அவர்களுக்கு வேறு பதில் சொல்ல இடமே வைக்கவில்லை என்பதும் புரிந்தது.

உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் அடிப்படை, பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 2ஆம் இணைப்பில் இருக்கிறது. மக்கள் நெருங்கி வாழும் பகுதியின் மேல், விமானி வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில் பறக்கும் விமானம், தன்னைச் சுற்றி 600 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மிக உயரமான தடையிலிருந்து குறைந்தது 300 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,000 அடி, மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் தரையிலிருந்தோ நீர்ப்பரப்பிலிருந்தோ 150 மீட்டர் போதும். ஒவ்வொரு நாடும் இதைத் தன் சட்டத்தில் சிறு மாற்றங்களோடு எழுதிக்கொண்டிருக்கிறது. ஹெலிகாப்டருக்குப் பல நாடுகளில் தளர்வு உண்டு. இந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்பதுதான் முக்கியம். நடுவானில் இயந்திரம் நின்றுவிட்டால், கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து நேராமல் இறக்குவதற்கு வேண்டிய உயரம் விமானிக்கு இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கீழே இருப்பவரின் உறக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒலிக்கென்று 16ஆம் இணைப்பு தனியாக இருக்கிறது; ஆனால் அது விமான வகைக்குச் சான்றளிக்கும்போது அளக்கும் ஒலியைப் பற்றியது, என் வீட்டுக் கூரையின் மேல் இன்று கேட்கும் ஒலியைப் பற்றியதல்ல.

அதே விதியின் தொடக்கத்திலேயே இரண்டு விலக்குகள் நிற்கின்றன: புறப்படுவதற்கோ தரையிறங்குவதற்கோ தேவையான போதும், உரிய அதிகாரியின் அனுமதி இருக்கும்போதும் இந்த உயரங்கள் பொருந்தா. தரையிறங்கும் விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. அந்தச் சரிவில் ஓடுபாதையை நோக்கி ஒவ்வொரு கிலோமீட்டர் நெருங்கும்போதும் ஏறக்குறைய 52 மீட்டர் உயரம் குறையும். ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் நேர்க்கோட்டில் வீடு வைத்திருப்பவரின் தலைக்கு மேல் விமானம் 300 மீட்டருக்கும் கீழேதான் செல்லும், அதில் விதிமீறல் எதுவும் இல்லை. காவல், மீட்புப் பணி, மருந்து தெளித்தல் போன்றவை அனுமதி பெற்றுப் பறப்பவை.

எனவே எந்த விமானம், எதற்காக, எவ்வளவு உயரத்தில் என்று காட்டாத புகார் நிற்காது. உயரத்தைக் கணிப்பதில் நம் கண் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால், அதன் அகலம் ஏறத்தாழ 2 பாகையை மறைக்கும். பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 விமானத்தின் இறக்கை வீச்சு 11 மீட்டர். அது தலைக்கு நேர் மேலே விரலுக்குள் சரியாக அடங்கினால் சுமார் 315 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 36 மீட்டர் வீச்சுள்ள ஏர்பஸ் ஏ320 அதே அளவாகத் தெரிந்தால் அது ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 80 மீட்டருக்குச் சற்றே குறைந்த ஏ380 என்றால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே. பெரிய விமானம் எப்போதும் தாழ்வாகவே தோன்றுவதற்குக் காரணம் இதுதான். நான் முதல் கடிதத்தில் கொதித்து எழுதியவற்றில் பாதி, உண்மையில் போதிய உயரத்தில் சென்ற பெரிய விமானங்கள் என்பதை என் கட்டைவிரல்தான் எனக்குக் காட்டியது.

விமானங்களைக் காட்டும் செயலிகளை நம்புவதிலும் கவனம் வேண்டும். அவை பெரும்பாலும் காட்டுவது, கடல்மட்டக் காற்றழுத்தம் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) என்று வைத்துக் கணக்கிட்ட உயரம். அன்றைய அழுத்தம் 1000 ஆக இருந்தால், திரையில் தெரிவதைவிட விமானம் சுமார் 110 மீட்டர் தாழ்வாக இருக்கும். அதிலிருந்து நம் ஊரின் கடல்மட்ட உயரத்தையும் கழிக்க வேண்டும். இந்த இரண்டு திருத்தங்களையும் செய்யாத எண்ணைப் புகாரில் எழுதினால், பதில் எழுதுபவர் அதையே பிடித்துக்கொள்வார்.

ஒரு மாதம் நான் குறிப்பேடு வைத்திருந்தேன். நாள், நிமிடம் வரை நேரம், திசை, விரல் அளவு, சக்கரங்கள் வெளியே இருந்தனவா என்பது வரை எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சிறு விமானம் மாடிக்கு நேர் மேலே வந்தபோது அதன் இறக்கைகள் என் விரலின் இரு பக்கமும் நன்றாகப் பிதுங்கித் தெரிந்தன. இறக்கையின் அடியில் இருந்த பதிவெழுத்துகளைக் கண்ணாடி அணியாமலே படித்துவிட்டேன். இறக்கையடியில் எழுதும் பதிவெழுத்து குறைந்தது 50 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது 7ஆம் இணைப்பின் அளவு. கண் மருத்துவரின் பலகைக் கணக்குப்படி, குறையில்லாத பார்வைக்கே அந்த அளவு எழுத்து 350 மீட்டருக்கு அப்பால் பிடிபடாது. விமானம் ஆறு முறை வட்டமடித்தது, ஓடுபாதை இருக்கும் திசைக்கே போகவில்லை.

இரண்டாம் புகாரில் தந்தையின் உறக்கத்தைப் பற்றி ஒரே வரிதான் எழுதினேன். மீதி முழுவதும் அந்தக் குறிப்புகளும், புறப்படவும் தரையிறங்கவும் சம்பந்தமில்லாத இரண்டு பறத்தல்களுக்கு எந்த அனுமதி இருந்தது என்ற ஒரு கேள்வியும்தான். இம்முறை பத்து நாளில் பதில் வந்தது. ராடார் பதிவைப் பார்த்ததாகவும், விமானியிடம் விளக்கம் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அதன் பிறகு அந்த விமானம் வட்டமடிக்க எங்கள் தெருவுக்கு வரவில்லை.

ஆனால் விதிக்கு உட்பட்டது என்பதால் ஒன்று பொறுத்துக்கொள்ளத் தக்கதாகிவிடாது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இல் காஸ்பி வழக்கில் இதைத் தொட்டது. ஒரு கோழிப்பண்ணையின் மேல் ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதி 150 வரை மடிந்தன. விமானங்கள் அனுமதிக்கப்பட்ட இறங்கு பாதையில்தான் வந்தன. ஆயினும், நிலத்தைப் பயன்படுத்துவதையே நேரடியாகக் கெடுக்கும் அளவுக்குத் தாழ்வாகவும் அடிக்கடியும் பறப்பது அந்த நிலத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம், அதற்கு இழப்பீடு உண்டு என்று நீதிமன்றம் கொண்டது.

என் குறிப்பேட்டில் மீதமிருப்பவை எல்லாம் தரையிறங்கும் விமானங்கள். அவற்றில் பதினொன்று நள்ளிரவுக்கும் காலை ஐந்துக்கும் இடைப்பட்டவை. அவற்றின் உயரத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. காற்று அமைதியாக இருக்கும் இரவுகளில், வீடுகள் இல்லாத மறுமுனையிலிருந்து ஓடுபாதைக்கு ஏன் இறக்கக் கூடாது என்று மட்டும் கேட்டு மூன்றாவது கடிதத்தை நேற்று அனுப்பியிருக்கிறேன்.