கச்சேரிக்கு முந்தைய செலவு

கர்நாடக இசையின் பெரும் வாக்கேயக்காரர்களில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் இசைக்காக இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் திட்ட ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். அலுவலகம் சென்னையில். ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தருவது, சுவடிகளையும் பழைய ஒலிப்பதிவுகளையும் கணினியில் ஏற்றி வைப்பது, கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்வது, எல்லாமே எங்கள் வேலைதான். வேலையைப் பற்றிச் சொன்னால் பலரும் உடனே கேட்பது, "ஓ, கச்சேரி நடத்துறீங்களா?" நடத்துகிறோம். ஆனால் எங்கள் பணத்தில் பெரும்பங்கு கச்சேரிக்கு முன்னாலேயே செலவாக வேண்டும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு நிதியாண்டும் அதற்காகத்தான் வாதாடுகிறேன்.

தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் காலமானார். அவருடைய கிருதிகள், அதாவது அவர் இயற்றிய பாடல்கள், சீடர்கள் வழியாகவும் குடும்பத்தின் வழியாகவும் வாய்மொழியாக வந்தவை. ஸ்வரக் குறிப்போடு அவற்றைத் திரட்டி அச்சில் கொண்டுவந்தவர் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் வழிவந்த சுப்பராம தீட்சிதர். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் முத்துசுவாமி தீட்சிதரின் 229 கிருதிகள் இருக்கின்றன. அந்தப் புத்தகம் தானாக வந்துவிடவில்லை. சின்னசுவாமி முதலியார் என்று ஒருவர் இருந்தார். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர், கத்தோலிக்கர். நம் இசையை மேல்நாட்டுக் குறியீட்டில் எழுதி 1890களில் வெளியிடத் தொடங்கியவர். உடல்நலமும் கண்பார்வையும் கெட்டபோது, இந்தப் பொக்கிஷம் அழியக்கூடாது என்று சுப்பராம தீட்சிதரை எழுத வைக்கப் பாடுபட்டார். எட்டயபுரம் ராஜா செலவை ஏற்றார். முதலியார் அந்தப் புத்தகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். சுப்பராம தீட்சிதர் 1906இல் மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா பாடினார்.

எங்கள் அறக்கட்டளைக்கு முன்னோடி யார் என்று கேட்டால் நான் அந்த மூன்று பேரைத்தான் சொல்வேன்: ஒருவர் வற்புறுத்தினார், ஒருவர் பணம் கொடுத்தார், ஒருவர் உட்கார்ந்து எழுதினார். மேடை என்று ஒன்று அதில் எங்குமே இல்லை.

சரி, புத்தகம் இருக்கிறதே, பார்த்துப் பாடிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். மூலம் தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழ்ப் பதிப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டதால் அந்தத் தடை நீங்கியது. கஷ்டம் கமகக் குறிகளில்தான். ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் விதம்தான் கமகம். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒடுக்கல், ஓரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்வரத்தின் தலையில் ஒரு குறி. வீணை வாசிப்பவருக்கு இவற்றில் பல சட்டென்று பிடிபடும். ஒடுக்கல் என்றால் ஒரு மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தைக் கொண்டுவருவது. ஜாரு என்றால் தந்தியின் மேலேயே வழுக்கிப் போவது. தீட்சிதரே வைணிகர், அதாவது வீணை வாசிப்பவர். ஆனால் இன்று அவர் கிருதிகளை அதிகம் மேடையேற்றுவது வாய்ப்பாட்டுக்காரர்கள்.

அதனால் ஒரு பாடகரையும் ஒரு வைணிகரையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினோம். இருவருக்கும் சன்மானம் உண்டு, கடைசியில் கச்சேரி கட்டாயமில்லை. வைணிகர் குறியைப் பார்த்து ஒரு வரியை வாசிப்பார், பாடகர் அதைத் தொண்டைக்குக் கொண்டுவருவார். ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒரு அனுபல்லவியிலேயே, பாட்டின் இரண்டாம் பகுதியிலேயே, போய்விடும். நான் ஓரமாக உட்கார்ந்து ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்வேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

'வாதாபி கணபதிம்' எடுத்துக்கொண்ட நாள்களை மறக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்த கிருதி. இன்று மேடையில் கேட்கும் அடுக்கடுக்கான சங்கதிகள், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள், பிரதர்சினியில் இல்லை. அங்கே அது அடக்கமாக, நிதானமாகப் போகிறது. அதைப் பாடிக் காட்டியபோது, கேட்க வந்திருந்த மூத்த வித்வான் ஒருவர் பாடகியிடம் சொன்னார்: "நீ பாடினது புஸ்தகத்துல இருக்கும்மா, இல்லேங்கல. ஆனா எங்க குருநாதர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது இல்லியே." பாடகி, "ரெண்டையும் பாடறேன் மாமா, உங்க பாடாந்தரத்தையும் எனக்குச் சொல்லிக் குடுங்கோ" என்றார். அவர் சொல்லிக் கொடுத்தார். பாடாந்தரம் என்பது ஒரு குரு வழியில் வந்த பாடும் முறை. இரண்டு பாடாந்தரமும் இப்போது எங்கள் சேமிப்பில் இருக்கின்றன. பழையதே சரி, பின்னால் வந்தது கலப்படம் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. தலைமுறைகள் பாடிச் சேர்த்ததும் சொத்துதான். எது எப்போது வந்தது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது கிரகங்கள் மேல் பாடப்படும் நவக்கிரக கிருதிகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிருதிகள், சூளாதி தாளங்கள் எனப்படும் ஏழு அடிப்படைத் தாளங்களில், பிரதர்சினியில் இருக்கின்றன. ராகு, கேது கிருதிகள் அதில் இல்லை. அவை ராமப்ரியா, ஷண்முகப்ரியா என்ற ராகங்களில் பாடப்படுகின்றன. தீட்சிதர் மரபில் அந்த மேளங்களுக்கு, அதாவது தாய் ராகங்களுக்கு, ரமாமனோஹரி, சாமரம் என்று பெயர். ஆகவே அந்த இரண்டும் அவர் செய்தவைதானா என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். ஒன்பதையும் சேர்த்து ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தபோது இதைத் துண்டுப்பிரசுரத்தில் போடலாமா என்று எங்கள் குழுவில் பெரிய விவாதம். பக்தியோடு வருகிறவர்கள் மனம் நோகும் என்றார் ஒருவர். போடாவிட்டால் ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கொடுத்துப் பிரயோஜனமே இல்லை என்றேன் நான். கடைசியில் போட்டோம். ஒன்பதையும் பாடினார்கள், யாரும் எழுந்து போகவில்லை. அரங்கில் இருந்த ஒரு பெரியவர் நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, மேளப் பெயர்கள் ஏன் இரண்டு விதமாக இருக்கின்றன என்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிதி திரட்டுவதுதான் கடினம். மேடைக்குப் பணம் கேட்டால் கிடைக்கிறது, அங்கே பேனர் கட்டலாம். பயிற்சிக்குக் கேட்டால் "அதுல எங்க பேரு எங்க வரும்?" என்று ஒரு நிறுவன அதிகாரி நேராகவே கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் மேலே கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் திருவாரூர்க் கமலாம்பாள் மேல் தீட்சிதர் செய்த கமலாம்பா நவாவரணக் கிருதிகளில், காம்போஜி ராகக் கிருதி கண்ட அட தாளத்தில் இருக்கிறது, தாளத்தின் ஒரு சுற்றுக்குப் பதினான்கு அட்சரம். அதைச் சௌக்க காலத்தில், மிக மெதுவான வேகத்தில், தளராமல் பாடப் பல மாத உழைப்பு வேண்டும். அந்த மாதங்களில் இளம் பாடகர் வீட்டு வாடகைக்கு எங்கே போவார்? டியூஷன் எடுப்பார், அப்புறம் தெரிந்த பாட்டையே மேடையில் பாடுவார். தீட்சிதர் பிறந்தது 1775 என்பதால் 2025 அவருக்கு 250ஆவது ஆண்டு. விழா எடுக்க முன்வந்தவர்களிடம் ஒரே நிபந்தனைதான் வைக்கச் சொன்னேன்: தரும் தொகையில் ஒரு பங்கு சாதகத்துக்கு, அதாவது பயிற்சிக்கு. சிலர் மறுத்தார்கள், சிலர் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. தீட்சிதரின் இசை வீட்டுக்குள் மட்டும் வளரவில்லை. நாட்டிய இசைக்குப் பெயர்போன சகோதரர்களான தஞ்சை நால்வர் அவரிடம் கற்றவர்கள். மத்தளக் கலைஞர் சுத்தமத்தளம் தம்பியப்பன் அவர் சீடர். தம்பியப்பனின் வயிற்றுவலி தீரத்தான் குரு கிரகத்தின் மேலான 'பிருஹஸ்பதே' கிருதி பிறந்தது என்று கதை சொல்வார்கள். நாகஸ்வர மரபைச் சேர்ந்த திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளை 1936இல் 'தீட்சித கீர்த்தனைப் பிரகாசிகை' வெளியிட்டார். புல்லாங்குழல் வித்வான் சுவாமிநாத பிள்ளை அவருடைய மகன். இவ்வளவு இருந்தும், எங்களுக்கு வரும் ஆராய்ச்சி விண்ணப்பங்களில் நாகஸ்வரக் குடும்பங்களின் பாடாந்தரத்தைப் பற்றியவை மிகவும் குறைவு. அவர்கள் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி அனுப்புவார்கள் என்று சென்னையில் உட்கார்ந்து காத்திருந்தால் அது நடக்காது.

அதனால் இந்த முறை விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் மாற்றியிருக்கிறோம். எழுத வராதவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் போதும். முதல் ஒலிப்பதிவுகளைத் திருவாரூர்ப் பக்கம் போய் அவர்கள் வீட்டிலேயே எடுக்கப் போகிறோம். சாதகத்துக்கான நிதியில் முதல் பங்கை அங்கே ஒதுக்கக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. வாசிப்பவருக்கும் தவில்காரருக்கும் சன்மானத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அதற்குக் கணக்குப் பிரிவின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.